மாஸ்கோவில் குடை விற்றவன்

மாஸ்கோவில் மழை பெய்தால் இங்கே குடை பிடிப்பார்கள் என்று கம்யூனிஸ்ட்டுகளைக் கேலி செய்வது நம் ஊரில் பழைய வழக்கம். எங்கள் அப்பாவை அப்படிக் கேலி செய்தவர்களில் என் தாய்மாமனும் ஒருவர். அப்பா பதில் சொல்ல மாட்டார். சிங்காநல்லூர் மில் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரிப்பார். அப்பா குடை பிடித்தாரோ இல்லையோ, மகன் நான் ஒரு படி மேலே போனேன். மாஸ்கோவுக்கே போய்க் குடை விற்றேன்.

அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. சங்கத்தில் கிளைப் பொருளாளர். வருஷா வருஷம் ஜனவரி 8 அன்று லீவு போட்டுவிட்டுச் சின்னியம்பாளையம் போவார். 1946-இல் அதே தேதியில் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட நான்கு மில் தொழிலாளிகளுக்கு அங்கே அஞ்சலி நடக்கும். எங்கள் வீட்டில் தீபாவளி தவறினாலும் தவறும், அந்தத் தேதி தவறாது.

வீட்டுக்குச் 'சோவியத் நாடு' இதழ் வரும். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். அப்பா படித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதைக் கிழித்துப் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடுவோம். என் கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு கோதுமை வயல், அறிவியல் மேல் ஒரு ராக்கெட். கட்சிக்காரர் வீடோ காங்கிரஸ்காரர் வீடோ, லைனில் எல்லாப் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் சோவியத் அட்டைதான். கொள்கை உள்ளே போகாவிட்டாலும் வெளியே வலுவாக ஒட்டியிருந்தது. வாலண்டினா தெரெஷ்கோவா விண்ணுக்குப் போன 1963-இல் பிறந்ததால் அக்காவுக்கு வாலண்டினா என்று பெயர். பாட்டி வாயில் அது ஒரே வாரத்தில் வள்ளி ஆகிவிட்டது.

1984-இல் இந்திய சோவியத் கலாச்சாரக் கழகத்தின் வழியாக எனக்கு உதவித்தொகை கிடைத்தது. நெசவுத் தொழில்நுட்பம் படிக்க மாஸ்கோ. கோவை ஜங்ஷனில் வண்டி நகரும்போது அப்பா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லாப் பாத்துட்டு வா கண்ணு. இங்க நாம கேக்கறதெல்லாம் அங்க எப்படி இருக்குதுன்னு எழுதோணும்."

"எழுதறனுங்கப்பா" என்றேன். எழுதவும் செய்தேன். ஆறு வருஷத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள். எல்லாவற்றையும் அப்பா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இப்போது எடுத்துப் படித்தால், அவற்றில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது.

*

மெட்ரோ ரயிலைப் பற்றி எழுதினேன். நிலையங்கள் அரண்மனை மாதிரி இருக்கின்றன, எவ்வளவு தூரம் போனாலும் 5 கோபெக், 1961-இலிருந்து அதே கட்டணம். படிப்பு இலவசம், மருத்துவம் இலவசம், போதாக்குறைக்கு மாதம் 90 ரூபிள் கையில் தருகிறார்கள் என்று எழுதினேன். அப்பா அந்தக் கடிதத்தைச் சங்க அலுவலகத்தில் உரக்கப் படித்தாராம்.

எழுதாதது: ஒவ்வொரு மாஸ்கோவாசியின் சட்டைப் பையிலும் சுருட்டி வைத்த ஒரு நூல் வலைப் பை இருக்கும். அதன் பெயர் 'அவோஸ்கா'. 'அவோஸ்' என்றால் 'ஒருவேளை'. ஒருவேளை வழியில் எங்காவது ஏதாவது கிடைத்தால் போட்டுக்கொள்ள. தெருவில் வரிசையைக் கண்டால் முதலில் போய் நிற்க வேண்டும், பிறகுதான் முன்னால் நிற்பவரிடம், "என்ன கொடுக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். 'விற்கிறார்கள்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'கொடுக்கிறார்கள்'தான். காசு எல்லாரிடமும் இருந்தது. பொருள்தான் கடவுள் மாதிரி, எப்போது தரிசனம் தரும் என்று தெரியாது. யானைப் படம் போட்ட டப்பாவில் வரும் இந்தியத் தேயிலைக்கு இருந்த மரியாதையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

1961-இல் கட்சித் திட்டம் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தது: 1980-க்குள் கம்யூனிச சமுதாயத்தின் அடித்தளம் கட்டி முடிக்கப்படும். 1980 வந்தது. கம்யூனிசத்துக்குப் பதிலாக ஒலிம்பிக்ஸ் நடத்திவிட்டார்கள் என்று விடுதிக் காவலாளிக் கிழவியே எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்த பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

நான் போய்ச் சேர்ந்த ஆண்டின் குளிர்காலம் முடியும் முன்பே, 1985 மார்ச் 10 அன்று, கட்சிப் பொதுச்செயலாளர் செர்னென்கோ காலமானார். பிரெஷ்னேவ் 1982 நவம்பரில், அந்த்ரோபோவ் 1984 பிப்ரவரியில், இவர் மார்ச்சில். 28 மாதங்களில் மூன்று பொதுச்செயலாளர்கள். தொலைக்காட்சியில் வழக்கமான நிகழ்ச்சி நின்று சோக இசை ஒலித்தாலே, இன்று யார் என்று ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்போது உலவிய நகைச்சுவை: செஞ்சதுக்கத்தில் இறுதிச் சடங்குக்கு வந்தவனிடம் காவலர் அனுமதிச் சீட்டு கேட்கிறார். "என்னிடம் சீசன் டிக்கெட்டே இருக்கிறது" என்கிறான் அவன்.

அடுத்து வந்த கோர்பச்சேவ் இளைஞர். நடக்கிறார், சிரிக்கிறார், காகிதம் பார்க்காமல் பேசுகிறார். ஊரே மயங்கியது. இரண்டே மாதத்தில் மதுவுக்குக் கடிவாளம் போட்டார். ரஷ்ய மொழியில் பொதுச்செயலாளருக்கு 'கெனரால்னி செக்ரதார்' என்று பெயர். ஜனங்கள் அவரை 'மினரால்னி செக்ரதார்' ஆக்கிவிட்டார்கள், அதாவது மினரல் தண்ணீர்ச் செயலாளர். வீட்டிலேயே சாராயம் காய்ச்சத் தொடங்கியதில் கடைகளில் சர்க்கரை காணாமல் போனது. கள்ளுக்கடைப் போராட்டம் கண்ட நம் ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி குடை. ஜப்பானில் செய்த மடக்குக் குடை, பித்தானை அழுத்தினால் பட்டென்று விரிவது, மாஸ்கோப் பெண்களுக்குத் தங்கம் மாதிரி. வெளிநாட்டு மாணவர்களான நாங்கள் விடுமுறையில் விசா வாங்கிக்கொண்டு ரயிலேறி மேற்கு பெர்லின் போகலாம். சோவியத் குடிமகனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. போகும்போது காலிப் பெட்டி, வரும்போது குடைகள். ஒரு குடைக்கு அரை மாத உதவித்தொகை கிடைக்கும். வாங்கி விற்று லாபம் பார்ப்பது அங்கே குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. காலையில் அரசியல் பொருளாதார வகுப்பில் உபரி மதிப்பு எப்படி உருவாகிறது என்று படிப்போம். மாலையில் அதை உருவாக்குவோம். உலகின் முதல் தொழிலாளர் அரசு, மூன்றாம் உலகத்துத் தொழிலாளி மகன்களை இலவசமாக வரவழைத்து வியாபாரிகளாக்கி அனுப்பியது.

எங்களுக்கு அரசியல் பொருளாதாரம் சொல்லித்தந்த ஆசிரியை கண்டிப்பானவர். 1987-இல் ஒரு சக மாணவி வழியாக ஒரு குடை கேட்டு அனுப்பினார், நீல நிறத்தில். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. யாரிடமிருந்து என்று அவரும் கேட்கவில்லை. அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண். குடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

*

செய்முறைப் பயிற்சிக்கு இவானோவோ நகரத்துக்கு அனுப்பினார்கள். ரஷ்யாவின் மான்செஸ்டர் என்று அதற்குப் பட்டம். தென்னிந்தியாவின் மான்செஸ்டரிலிருந்து போனவனுக்குச் சொந்த ஊர் மாதிரி இருந்தது. 1905-இல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தால்கா ஆற்றங்கரையில் கூடி, தங்களுக்கென்று ஒரு சோவியத்தை, அதாவது தொழிலாளர் மன்றத்தை அமைத்தது அங்கேதான். நெசவாலைகளில் பெண்களே அதிகம் என்பதால் மணப்பெண்களின் நகரம் என்றும் சொல்வார்கள்.

ஆலைக்குப் பிள்ளைக் காப்பகம் உண்டு, மலிவான சாப்பாட்டுக்கூடம் உண்டு, கடலோர ஓய்வில்லத்துக்குச் சங்கமே அனுப்பி வைக்கும் என்றெல்லாம் அப்பாவுக்கு எழுதினேன். அத்தனையும் உண்மை. திட்ட இலக்கு மீட்டர் கணக்கில் இருந்ததால் துணி மீட்டர் மீட்டராக நீண்டது, தரம் மட்டும் சுருங்கியது என்பதை எழுதவில்லை. இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் ஆலை வாசலிலிருந்து நேரே இறைச்சிக்கடை வரிசைக்குப் போவதை எழுதவில்லை. சங்கம் ஓய்வில்லத்துக்கு அனுப்பும், ஆனால் வேலைநிறுத்தம் செய்யாது என்பதையும் எழுதவில்லை. 1905-இல் நிறுத்தியதோடு சரி.

அந்த வருஷங்களில் செய்தித்தாள்கள் திறந்துகொண்டன. வழக்கமாகக் கடைகளுக்கு நிற்கும் வரிசை பத்திரிகைப் பெட்டிக்கடைகளுக்கு நின்றது. ஸ்டாலின் கால முகாம்கள், 1937-இன் கைதுகள், உக்ரைன் பஞ்சம் எல்லாம் அச்சில் வந்தன. அறைத் தோழன் ஒருவன் தன் தாத்தா எங்கே செத்தார் என்பதை வார இதழ் படித்த பிறகுதான் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டான். 1988-இல் பள்ளிகளில் வரலாற்று இறுதித் தேர்வையே ரத்து செய்தார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பது உண்மை இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டபின் எதை வைத்து மதிப்பெண் போடுவது? எங்கள் வீட்டில் வரலாற்றுப் புத்தகத்துக்குப் போட்டிருந்த அட்டை நினைவுக்கு வந்தது.

1990 ஜனவரி 31 அன்று புஷ்கின் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்தார்கள். முதல் நாளில் மட்டும் 30,000 பேருக்கு மேல். நானும் நின்றேன். கொள்கை சொன்ன எந்த வரிசையையும்விட அது ஒழுங்காக நகர்ந்தது.

*

குடை வாங்கப் போகும் வழியில், கிழக்கு பெர்லினில் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸே ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு கண்ணாடிக் கட்டடம். கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்கள் அதன் வழியாகத்தான் போக வேண்டும். வழியனுப்ப வந்த கிழக்கத்தியர்கள் அந்தக் கட்டடத்தைத் தாண்ட முடியாது. அதனால் ஜனங்கள் அதற்குக் கண்ணீர் மாளிகை என்று பெயர் வைத்திருந்தார்கள். காலிப் பெட்டியோடு நான் அலட்சியமாக நடந்து கடப்பேன். ஒரு முறை பின்னால் நின்ற கிழவர் தன் மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். என் பெட்டிக்குள் எத்தனை குடை கொள்ளும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கிழக்கு ஜெர்மனியின் கார் டிராபன்ட். மேல்தகடு பஞ்சுக் கழிவும் பிசினும் கலந்து செய்தது. மில் தொழிலாளி மகனுக்கு அது பெரிய அதிசயம். இதை மட்டும் அப்பாவுக்கு விரிவாக எழுதினேன். பதிவு செய்தால் கார் கைக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதை விட்டுவிட்டேன்.

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. ஒரு கட்சிப் பிரமுகர் செய்தியாளர் கூட்டத்தில், எப்போதிலிருந்து என்ற கேள்விக்குக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, "உடனடியாக" என்று சொல்லிவிட்டார். ஜனங்கள் அவர் சொல்லை நம்பிச் சுவருக்குப் போனார்கள். கட்சி சொன்னதை மக்கள் அப்படியே நம்பி உடனே நிறைவேற்றியது அந்த ஒரு தடவைதான் இருக்கும்.

இன்று கண்ணீர் மாளிகை ஒரு அருங்காட்சியகம். சுவரின் சில்லுகளைக் கண்ணாடிக் கூட்டில் வைத்து விற்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியின் போக்குவரத்து விளக்கில் இருந்த தொப்பிக்காரப் பொம்மை, கோப்பையிலும் பனியனிலும் ஏறி நல்ல வியாபாரம். அந்த நாட்டில் உற்பத்தியானவற்றில் ஏற்றுமதிச் சந்தையை முழுசாகப் பிடித்தது, நாடு போன பிறகு, இந்தப் பொம்மைதான்.

மற்ற நாடுகளில் இதே கதை, வேறு வேறு நடையில். போலந்தில் முதல் கல்லை எறிந்தவர்கள் கப்பல் கட்டும் தொழிலாளர்கள். 1980 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்த க்தான்ஸ்க் கப்பல் தளத்தின் பெயர் லெனின் தளம். தொழிலாளர் அரசைத் தொழிலாளர்கள் வீழ்த்தினார்கள். 1996-இல் அந்தத் தளமே திவாலானது. வார்சாவில் கட்சித் தலைமையகமாக இருந்த கட்டடத்தில் 1991 ஏப்ரலில் பங்குச்சந்தை திறந்தார்கள். ஹங்கேரியர்கள் சிலைகளை உடைக்காமல் ஊருக்கு வெளியே ஒரு பூங்காவில் நிறுத்தி நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். 1956 கிளர்ச்சியில் ஸ்டாலின் சிலையை அறுத்துத் தள்ளியபோது பூட்ஸ் மட்டும் பீடத்தில் நின்றது. அதன் மாதிரியும் அங்கே உண்டு. ருமேனியாவில் மட்டும் நகைச்சுவைக்கு இடமில்லாமல் போனது. 1989 கிறிஸ்துமஸ் அன்று தலைவரையும் மனைவியையும் சுட்டுக் கொன்றார்கள்.

*

1991 டிசம்பர் 25 இரவு கோர்பச்சேவ் பதவி விலகினார், கிரெம்ளினில் கொடி இறங்கியது. அப்போது நான் கோவையில் இயந்திர உதிரி பாகம் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டில் சாலிடர் தொலைக்காட்சி. தாய்மாமன் அன்றைக்கென்று வந்திருந்தார். "என்னுங் மச்சான், உங்க கடைய மூடிப்புட்டாங்களாட்ட இருக்குது?" என்றார்.

அப்பா வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்துத்தான் பேசினார். "கடை மூடிட்டா பசியும் மூடிக்குமா கண்ணு?" மறுநாள் முதல் ஷிப்டுக்கு வழக்கம்போல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

1993 பிப்ரவரியில் வியாபாரமாக மாஸ்கோ போனேன். முந்தின ஆண்டு தொடக்கத்தில் விலைக்கட்டுப்பாட்டை ஒரே நாளில் நீக்கியிருந்தார்கள். அந்த ஓர் ஆண்டில் விலைகள் 25 மடங்குக்கு மேல் ஏறின. ஆயுள் முழுக்கச் சேர்த்த வங்கிப் பணத்தில் ஒரு பூட்ஸ்கூட வாங்க முடியாமல் போன கிழவிகள் மெட்ரோ வாசல்களில் வரிசையாக நின்றார்கள். இந்த முறை வாங்குவதற்கான வரிசை இல்லை, விற்பதற்கு. கையில் கோப்பை, சால்வை, கணவரின் பதக்கம். அந்த வரிசையில் எங்கள் ஆசிரியையைப் பார்த்தேன். முன்னால் ஒரு துணி விரித்துப் புத்தகங்களும் பீங்கான் தட்டுகளும் வைத்திருந்தார். தலைக்கு மேல் நீலக் குடை. பனி கொட்டிக்கொண்டிருந்தது.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். தட்டுகள் எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கேட்ட விலைக்குப் பாதிதான் வாங்கினார். "குடையை விற்கவில்லையா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "இது நல்ல சரக்கு" என்றார்.

அங்கிருந்து இவானோவோ. உஸ்பெக்கிஸ்தான் தனி நாடாகிவிட்டதால் பழையபடி பஞ்சு வரவில்லை. தறிகள் நின்றிருந்தன. சம்பளத்துக்குப் பதிலாகத் துணியைக் கொடுத்து, விற்றுக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பெண்கள் படுக்கை விரிப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு லாரிகளை மறித்தார்கள். எனக்கு ஒரு ஆர்டரும் கிடைக்கவில்லை.

*

பிறகு என் பிழைப்பு சீனத்துக்கும் வியட்நாமுக்கும் மாறியது. அங்கே போன பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஐரோப்பாவில் கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். ஆசியாவில் பலகையை அப்படியே வைத்துக்கொண்டு சரக்கை மாற்றினார்கள்.

ஏன் இப்படி என்று நான் யோசித்ததில் இரண்டு காரணங்கள். ஒன்று, போலந்திலும் ஹங்கேரியிலும் கிழக்கு ஜெர்மனியிலும் ஆட்சி வந்தது சோவியத் டாங்கிகளோடு. இனி டாங்கி வராது என்று கோர்பச்சேவ் சொன்னதும் சில மாதங்களிலேயே சரிந்தது. சீனர்களும் வியட்நாமியரும் தங்கள் சொந்தப் போரில் வென்று கொண்டுவந்தது அது, வேர் சொந்த மண்ணில். இரண்டாவது, கோர்பச்சேவ் முதலில் திறந்தது பத்திரிகையை. கடை காலியாகவே இருந்தது. காலி வயிற்றோடு உண்மையைப் படித்த ஜனம் பொறுக்கவில்லை. சீனர்கள் முதலில் திறந்தது வயலை. 1978-இல் அன்ஹூய் மாகாணத்தின் சியாவோகாங் கிராமத்தில் 18 விவசாயிகள், கூட்டுப்பண்ணை நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதென்று ரகசிய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். கோடிக்கணக்கானவர்களைப் பலிகொண்ட 1959-61 பஞ்சத்தை மறக்காதவர்கள். மாட்டினால் சிறை என்று தெரிந்தே செய்தார்கள். விளைச்சலைப் பார்த்த அரசு தண்டிக்காமல் அதையே நாட்டின் வழியாக்கியது. பத்திரிகையை இன்றுவரை திறக்கவில்லை. 1989 ஜூன் 4 ஒரே நாள்தான்: போலந்தில் வாக்குப்பெட்டி ஆட்சியை அசைத்தது, பெய்ஜிங்கில் டாங்கிகள் மாணவர்களை நசுக்கின.

1921 ஜூலையில் சீனக் கட்சியின் முதல் மாநாடு ஷாங்காயில் ஒரு வீட்டில் கூடியது. நாடு முழுக்க உறுப்பினர்கள் சுமார் 50 பேர்தான். இன்று 10 கோடி. அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். சுற்றுப்புறம் முழுக்க உயர்தர உணவகங்கள், நகைக்கடைகள். மாநாட்டு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து எதிரே காபி குடித்தேன். அதன் விலை எங்கள் அப்பாவின் ஒரு வாரச் சம்பளம்.

குவாங்டாங்கில் ஓர் ஆலைக்கு இயந்திர பாகம் விற்கப் போனபோது, தொழிற்சங்கத் தலைவர் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினார்கள். அட்டையை வாங்கிப் பார்த்தால் அவர்தான் பணியாளர் துறை மேலாளர். சம்பளப் பிரச்சினை வந்தால் யாரிடம் பேசுவீர்கள் என்று கேட்டேன். "பிரச்சினையே வராது. இங்கே எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். 2018-இல் ஷென்சென் ஆலை ஒன்றில் சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளர்களுக்கு ஆதரவாகப் போன மாணவர்களைக் கைது செய்தார்கள். பல்கலைக்கழகங்களில் மார்க்சியப் படிப்பு வட்டம் நடத்தியவர்கள் அவர்கள். மார்க்ஸைக் கட்டாயப் பாடமாக வைத்திருக்கும் நாட்டில், அதைப் புரிந்துகொண்டு படித்ததுதான் குற்றம்.

வியட்நாம் கொஞ்சம் பொறுமையானது. விலைவாசி ஆண்டுக்கு 700 சதவீதம் ஏறிய 1986-இல் கட்சி மாநாடு கூட்டி, 'தொய் மொய்', அதாவது புதுப்பித்தல், என்று வழியை மாற்றினார்கள். அரிசி இறக்குமதி செய்த நாடு 1989-இலிருந்து அரிசி ஏற்றுமதி செய்தது. ஹோ சி மின் நகரத்தில் 2000-இல் பங்குச்சந்தை வந்தது. ஹனோயில் லெனின் சிலை இன்றும் நிற்கிறது. மாலையில் அதன் காலடியில் பிள்ளைகள் சறுக்குப் பலகை ஓட்டுகிறார்கள். நான் பார்த்த லெனின் சிலைகளிலேயே சந்தோஷமான லெனின் அவர்தான்.

மாஸ்கோவில் லெனின், பெய்ஜிங்கில் மாவோ, ஹனோயில் ஹோ சி மின். பதப்படுத்தி வைத்த மூன்று பேரையும் பார்த்துவிட்டேன். ஹோ சி மின் தன்னை எரித்துச் சாம்பலை மலைகளில் வைக்கச் சொல்லி எழுதிவைத்தவர். மாவோ 1956-இல் எரியூட்டும் யோசனைக்குக் கையெழுத்திட்டவர். லெனினுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டாம் என்று அவர் மனைவி குரூப்ஸ்கயா பத்திரிகையிலேயே எழுதினார். தலைவர் சொன்னதை வேதவாக்காகக் கொண்ட கட்சிகள், தலைவர் தன் உடலைப் பற்றிச் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சீனத்தின் இவு நகர மொத்தச் சந்தையில் ஒரு மாடி முழுக்கக் குடைகளைப் பார்த்தேன். பித்தானை அழுத்தினால் பட்டென்று விரிந்தது. விலை ஒரு டாலருக்கும் கீழே. என் இளமைக் காலத்துச் செல்வமெல்லாம் அங்கே மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடந்தது. ஒரு டஜன் வாங்கிவந்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். தாய்மாமனுக்கும் ஒன்று. அவர் அதைத்தான் இன்றும் பிடிக்கிறார்.

*

2019-இல் பழைய மாணவர் சந்திப்புக்கு மாஸ்கோ போனேன். மெட்ரோ கட்டணம் 55 ரூபிள். 1998-இல் ரூபிளில் மூன்று பூஜ்யங்களை அடித்திருந்தார்கள். பழைய கணக்கில் பார்த்தால் 5 கோபெக் 11 லட்சம் மடங்காகியிருந்தது. நிலையங்கள் மட்டும் அதே அரண்மனைகள், அதே சுத்தம்.

நாங்கள் பனிக்காலத்தில் வெந்நீரில் நீந்திய திறந்தவெளிக் குளத்தைத் தேடினேன். அந்த இடத்தில் முதலில் பெரிய தேவாலயம் இருந்தது. 1931-இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள், உச்சியில் லெனின் சிலையோடு சோவியத் மாளிகை கட்ட. மாளிகை எழவேயில்லை. தோண்டிய பள்ளத்தை 1960-இல் நீச்சல் குளமாக்கினார்கள். இப்போது குளம் போய்ப் பழைய தேவாலயமே மறுபடி நிற்கிறது. எழுபது வருஷத்தில் ஒரு முழுச் சுற்று. நாங்கள் நீந்தியது மட்டும்தான் இடையில் நடந்த லாபம்.

இவானோவோவில் பெண்கள் தினத்தின் பெயரைத் தாங்கியிருந்த நெசவாலை வணிக வளாகமாகிவிட்டது. பெயர் 'வெள்ளி நகரம்'. பழைய செங்கல் சுவர்களுக்குள் துணிக்கடைகள். ஒரு சட்டையைப் புரட்டி, எங்கே செய்தது என்று பார்த்தேன். வியட்நாம்.

அப்பா இவற்றையெல்லாம் பார்க்கவில்லை. அவர் 1999-இல் காலமானார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே மில்லை மூடிவிட்டார்கள். பணிக்கொடைக்கு வழக்கு நடத்திக்கொண்டிருந்தார், தீர்ப்பு அவருக்குப் பின்தான் வந்தது. மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள், நீச்சல் குளத்தோடு. கோவையில் கட்சி ஆட்சியே இருந்ததில்லை. ஆனாலும் முடிவில் இவானோவோவுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எனக்குக் கணபதி பக்கம் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை உண்டு. உதிரி பாகங்கள் செய்கிறோம். 18 பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பீகார், ஒடிசாப் பையன்கள். அலுவலக அலமாரியில் அந்தப் பிஸ்கட் டப்பாவும், மாஸ்கோ ஆசிரியையிடம் வாங்கிய பீங்கான் தட்டில் ஒன்றும் இருக்கின்றன. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, மேலே சொன்ன கதைகளை எல்லாம் சொல்லுவேன். நன்றாகச் சிரிப்பார்கள்.

போன வாரம் லேத்தில் வேலை செய்யும் பையன் ஒருவன் உள்ளே வந்தான். இருபத்திமூன்று வயது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். "சார், ஓவர்டைமுக்கு டபுள் குடுக்கணும்னு சட்டம் இருக்காம். எல்லாரும் கேக்கச் சொன்னாங்க" என்றான்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவன் போகாமல் நின்றதால், "நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதானே தம்பி" என்று சேர்த்துக்கொண்டேன். எங்கே கேட்ட வாக்கியம் என்பது அவன் கதவைச் சாத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சம்பளப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். போன மாதம் அவனுக்குக் கூடுதல் நேரம் 46 மணி. ஒற்றைக் கூலிதான் போட்டிருக்கிறது.